திரைக்கு ஒரு வாசல் வைத்திருக்கலாம்

எங்கள் மாடியறைக்கு முதல் முறையாக வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, “சி.பி.யு.வை எங்க வச்சிருக்கீங்க?” என்பதுதான். மேஜைமேல் ஒரு திரை மட்டும் நிற்கிறது. அதன் முதுகிலிருந்து ஒரே ஒரு மின்கம்பி சுவருக்குப் போகிறது. விசைப்பலகைக்கும் மவுசுக்கும் கம்பி கிடையாது. கணினி முழுவதும் திரைக்குப் பின்னாலேயே இருக்கிறது என்று சொன்னால், 5 மில்லிமீட்டர் தடிமனே உள்ள அதன் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். சிவகாசியில் காலண்டருக்கும் புத்தகத்துக்கும் பக்கம் அமைத்துப் பிழைக்கிற நான், 2019இல் வாங்கிய, ஆப்பிளின் 27 அங்குல 5கே ஐமேக்கில்தான் இன்றுவரை வேலை செய்கிறேன். அந்த ஆண்டு மாடலுக்குக் கிடைத்த கடைசி இயங்குதளம் 2024இல் வந்த செக்கோயா. அடுத்து வந்த டஹோ அதைக் கைவிட்டுவிட்டது. ஆகவே இந்த இயந்திரத்தைப் பற்றிக் கணக்குப் பார்த்து எழுத இதுவே சரியான நேரம் என்று தோன்றியது.

முதலில் திரையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பணம் கொடுத்தது அதற்காகத்தான். 5120க்கு 2880 என்ற கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 218. அதற்கு முன் நான் வைத்திருந்த 24 அங்குல முழு எச்டி திரையில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள்தான். எண்ணாகச் சொல்லும்போது இது விளம்பர வாசகம்போலத் தெரியும். மெய்ப்புப் பார்க்கும்போதுதான் வேறுபாடு புரியும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு தலைவலி தெரிந்திருக்கும்: ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்த ஓர் உருவம் வந்து உட்கார்ந்திருக்கும். ‘கார்த்திகை’ என்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது. ஆனால் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். பழைய திரையில் ரகரத்தின் கால் நுனியில் இருக்கும் சிறு சாய்வு இரண்டு மூன்று புள்ளிகளில் கரைந்துபோய்விடும். இந்தத் திரையில் அது கண்ணாடி போட்ட எனக்கே பளிச்சென்று தெரிகிறது. தினசரி காலண்டரில் ஒரு தாளில் ராகு காலம், எமகண்டம், நட்சத்திரம், திதி எல்லாம் எவ்வளவு சிறிய எழுத்தில் போகும் என்று அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

அளவும் அப்படியே. திரையின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், உயரம் 33க்குச் சற்று மேல். இரண்டு ஏ4 பக்கங்களை அச்சில் வரும் அதே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கருவிப்பட்டைகளுக்கு இடம் மிஞ்சுகிறது. அதைவிடச் சிறிய டெம்மி அளவுப் புத்தகமென்றால் கேட்கவே வேண்டாம். அச்சடித்த பிரதியைத் திரைமேல் ஒட்டிவைத்து ஒப்பிடலாம், நான் ஒப்பிட்டிருக்கிறேன். மேக்கில் வரும் இணைமதி எழுத்துருவில், முத்து நெடுமாறன் வரைந்த அந்த வளைவுகளை இந்தத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்குத் தனிச் சுகம். அது வேலையோடு சேர்ந்ததல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

நிறத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பி3 எனப்படும் விரிந்த நிறப்பரப்பைக் காட்டும் திரை இது. ஆஃப்செட் அச்சின் நான்கு மைகளால் எட்ட முடியாத சிவப்பையும் இது காட்டிவிடும். முதல் ஆண்டில் அம்மன் படத்தின் குங்குமச் சிவப்பைத் திரையில் பார்த்து மயங்கி அப்படியே அனுப்பிவிட்டேன். அச்சில் அது செங்கல் நிறத்தில் வந்து நின்றது. குற்றம் திரையினுடையது அல்ல, அச்சகத்தினுடையதும் அல்ல, அந்த நான்கு மைகளில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் சி.எம்.ஒய்.கே. முன்னோட்டத்தைப் போட்டுப் பார்க்காத என்னுடையது. நல்ல திரை வாங்கினால் நிறம் தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணுகிற இளைஞர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு சின்னக் கதவு. வாங்கியபோது நினைவகம் 8 ஜிபிதான். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, நான்காக மடித்த துண்டின்மேல் இயந்திரத்தைக் குப்புறக் கிடத்தினேன். மின்கம்பி செருகும் துளைக்குச் சற்று மேலே உள்ள பொத்தானை அழுத்தியதும், தாங்கியின் கீல் பக்கத்தில் இருந்த மூடி விட்டுக்கொடுத்தது. உள்ளே நான்கு இடங்கள், அவற்றில் இரண்டு காலி. ஆளுக்கு 8 ஜிபியாக இரண்டு துண்டுகளைச் செருகி மூடினேன். 24 ஜிபி ஆயிற்று. ஐந்து நிமிட வேலை, திருப்புளிகூடத் தேவைப்படவில்லை. சேமிப்பகத்தில் நான் கஞ்சத்தனம் செய்து, 32 ஜிபி ஃபிளாஷும் 1 டிபி சுழல்தட்டும் சேர்ந்த ஃபியூஷன் டிரைவோடு வாங்கியிருந்தேன். பிறகு சுழல்தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான ஓர் எஸ்எஸ்டியை, தண்டர்போல்ட் எனும் வேகமான இணைப்புத் துளையில் மாட்டித் தாங்கியின் பின்புறம் ஒட்டி, அதிலிருந்தே இயங்கும்படி வைத்துக்கொண்டேன். தாங்கி முன்னும் பின்னும் சாயுமே தவிர உயராது. அதற்கு அடியில் ஏ4 தாள் கட்டு இரண்டு இருக்கிறது. தாள் தீர்ந்துபோய் ஒரு கட்டை உருவிவிட்ட நாட்களில் கழுத்து வலி வந்துவிடும்.

எல்லாம் ஒரே உடம்பில் இருப்பதற்கான விலையை ஓர் ஐப்பசியில் கொடுத்தேன். யு.பி.எஸ். இருக்கிறதே என்ற தைரியத்தில், இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. பவர் சப்ளை போர்டு போய்விட்டது. பெட்டி வைத்த கணினியாக இருந்திருந்தால் பக்கத்துத் தெருவிலிருந்து எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கி ஒன்றை வாங்கிவந்து அரை மணி நேரத்தில் மாட்டியிருப்பேன். இதற்கோ கண்ணாடித் திரையைச் சுற்றிலும் ஒட்டியிருக்கும் பசையைச் சிறு சக்கரக் கத்தியால் அறுத்து, திரையைத் தூக்கி, உள்ளே இருப்பதை மாற்றி, புதிய ஒட்டுப்பட்டை வைத்து மூட வேண்டும். பரணில் போட்டுவைத்திருந்த பழைய அட்டைப்பெட்டியை இறக்கி, ஒன்பது கிலோவுக்கு மேலான அந்தச் சுமையை வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பழுதுபார்ப்பவர் கைதேர்ந்தவர். ஆனால் உதிரிப் பாகம் வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட்டதிலிருந்து தீபாவளி தாண்டும்வரை மூச்சுவிட நேரமில்லாத ஊர் இது. அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குக் கணினியும் இல்லை, திரையும் இல்லை.

திறக்க முடியாத உடம்பு ஐமேக்கின் பிறவிக்குணம் அல்ல. 1998இல் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய முதல் ஐமேக் 15 அங்குலப் படக்குழாயோடு, நீலமும் பச்சையும் கலந்த ஒளிபுகும் கூட்டில் வந்தது. ஃபிளாப்பி டிரைவை அது கைவிட்டது அன்று பெரிய சர்ச்சை. 2002இல் வந்தது அரைக்கோள அடிப்பகுதியில் கணினியையும், அதிலிருந்து நீண்ட கையின் நுனியில் தட்டைத் திரையையும் கொண்டிருந்தது. என் கண்ணுக்கு இன்றும் அதுதான் அழகு, உயரத்தையும் விரும்பியபடி மாற்றலாம். 2004இல்தான் கணினி திரையின் முதுகுக்குப் போனது. 2009இல் வந்த 27 அங்குல மாடலில்கூட முன் கண்ணாடி காந்தத்தால்தான் பிடித்துக்கொண்டிருந்தது. உறிஞ்சு கிண்ணம் இரண்டை வைத்து இழுத்தால் கையோடு வந்துவிடும். 2012இல் விளிம்பை மெலியவைத்தபோதுதான் பசை வந்தது. முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு விளிம்பு தெரியவே தெரியாது என்பதை யாராவது ஆப்பிள்காரர்களிடம் சொல்லியிருக்கலாம்.

அந்த 2009ஆம் ஆண்டு மாடலில் இன்னொரு வசதியும் இருந்தது. வேறொரு கணினியிலிருந்து ஒரு கம்பியைச் செருகினால் ஐமேக்கைச் சும்மா ஒரு திரையாகப் பயன்படுத்தலாம்; டார்கெட் டிஸ்பிளே மோட் என்று பெயர். 2014இன் இறுதியில் 5கே திரை வந்தபோது அது நின்றுபோனது. அன்றைக்கு அதற்கு நியாயமான காரணம் உண்டு: நொடிக்கு 60 சட்டகம் வீதம் 5கே படத்துக்கு 21 கிகாபிட்டுக்கு மேல் தேவை, அப்போதிருந்த டிஸ்பிளேபோர்ட் 1.2 கம்பியால் 17 சொச்சம்தான் சுமக்க முடியும். ஆனால் 2017இலேயே ஐமேக்குக்குத் தண்டர்போல்ட் 3 வந்துவிட்டது. ஒரே கம்பியில் 5கே போகும் தனித் திரைகளும் அதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டன. அதன் பிறகும் அந்த வாசலைத் திறக்காமல் விட்டதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. விண்டோஸ் பக்கம் சில ஆல் இன் ஒன் கணினிகளில் எச்டிஎம்ஐ உள்ளீட்டுத் துளை வைத்தே விற்கிறார்கள். கம்பியில்லாமல் ஏர்பிளே வழியாக இன்னொரு மேக்கின் படத்தை இதில் காட்டலாம் என்பது உண்மைதான். எழுத்தின் கால் நுனியைப் பார்க்கிற வேலைக்கு அது போதாது.

நல்ல திரை பதினைந்து ஆண்டு உழைக்கும். அதை இயக்கும் சில்லு ஏழெட்டு ஆண்டில் மென்பொருளுக்குப் பின்தங்கிவிடும். ஆயுள் வேறுபட்ட இந்த இரண்டையும் பசை போட்டு ஒட்டி ஒரே விலையில் விற்பதுதான் ஆல் இன் ஒன் கணினி மீது எனக்குள்ள ஒரே உண்மையான புகார். விலை அதிகம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. 2014இல் முதல் 5கே ஐமேக் வந்தபோது அதன் விலை 2,499 டாலர். அத்தகைய திரையைத் தனியாக வாங்கினாலே அந்தத் தொகையை நெருங்கிவிடும் காலம் அது.

ஆப்பிளும் இதே கணக்கைப் போட்டிருக்கும்போல. 2022 மார்ச்சில் 27 அங்குல ஐமேக்கை நிறுத்திய அன்றே, 1,599 டாலருக்கு அதே அளவுள்ள 5கே திரையைத் தனியாகவும் மேக் ஸ்டுடியோ என்ற பெட்டியைத் தனியாகவும் வெளியிட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது 24 அங்குல ஐமேக் மட்டும். 11.5 மில்லிமீட்டர் தடிமனுக்காக மின்வழங்கியை வெளியே எடுத்துத் தரையில் போட்டுவிட்டார்கள். நினைவகக் கதவும் இல்லை, வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான் கடைசிவரை. வரவேற்பு மேஜைக்கும் பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கும் அது அழகான பொருள். புதிதாக டிசைன் அறை தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், நல்ல திரையில் பெரும்பணத்தைப் போட்டுவிட்டு ஆப்பிளின் சிறிய பெட்டிக் கணினியான மேக் மினியை அதன் அடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். நானும் இப்போதைக்கு செக்கோயாவிலேயே இன்னொரு காலண்டர் பருவத்தை ஓட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.

இந்தத் திரையைத் தூக்கிப்போட மட்டும் மனம் வரவில்லை. உள்ளிருக்கும் கணினியை எடுத்துவிட்டு, 5கே திரைக்கென்றே விற்கிற டிரைவர் போர்டு ஒன்றைப் பொருத்தினால் வெளிக்கணினியை இதில் மாட்டலாம். கேமரா போய்விடும், போகட்டும். தை பிறந்து வேலை ஓய்ந்ததும் கொண்டுவருகிறேன் என்று அதே மதுரைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பசையை இரண்டாம் முறை அறுக்கும்போது கண்ணாடி கீறிவிடுமோ என்று கேட்டதற்கு, “அன்னைக்கு ஒட்டினதும் நான்தானே சார்” என்றார். அட்டைப்பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.