வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது

கொயிலோவரில் (ஷொக் அப்சோபரும் அதைச் சுத்தியிருக்கிற ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) ஸ்பிரிங்கைத் தாங்குற மரை வளையத்தை இறுக்க இறுக்க ஸ்பிரிங் கடினமாகும் எண்டு இரண்டு பேர் எழுதியிருக்கினம். அப்பிடியில்லை, தம்பிமார். சீரான சுருளுள்ள ஸ்பிரிங்கில் 8 கிலோ/மிமீ (ஒரு மிமீ அமுங்க 8 கிலோ பாரம் வேணும்) எண்டு அடிச்சிருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் 8தான். கார் உயரும், சில்லு கீழே இறங்க மிச்சமிருக்கிற தூரம் குறையும். அதுதான் கடினம்போலத் தெரியிறது.

நீங்களே பாக்கலாம். பின்சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளவுங்கோ. டிக்கியில் 50 கிலோ சீமெந்துப் பை இரண்டு வைச்சு, எத்தனை மிமீ பதிஞ்சது எண்டு குறியுங்கோ. பையை இறக்கி, ஜக் போட்டு இரண்டு பின்வளையத்தையும் ஐந்து சுற்று இறுக்குங்கோ (காரைநகர்ப் பக்கத்து உப்புக்காற்றில் மரை இறுகியிருக்கும், முதலில் பிரஷ் போடுங்கோ). காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, வெறுங்காராய் ஒருக்கா, அதே பைகளோடை ஒருக்கா அளவுங்கோ. பதியிற அளவு மாறாது.