போலிஷை இழித்துத்தான் கிரேக்கத்தைப் போற்ற வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. "கிரேக்கம் நாகரிகத்தின் மொழி. போலிஷ் வெறும் மெய்யெழுத்துக் கூச்சல். அதில் காலத்தை வீணாக்காதீர்கள்" என்று அங்கே பேசிய பெரியவர் ஒருவர், போலந்தில் வாழ்ந்து அந்நாட்டு மொழியான போலிஷைக் கற்கும் எனக்கு அறிவுரை சொன்னார். பலர் கைதட்டினார்கள். பதில் சொல்ல எனக்கு நேரம் தரப்படவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டையும் ஒப்பிடுங்கள், தாராளமாக. ஆனால் வயதை வைத்து மொழிக்குத் தரம் போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

கிரேக்கத்தின் தொன்மையை யார் மறுத்தார்கள்? 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் 'லீனியர் பி' என்ற பண்டைய எழுத்தைப் படித்துக்காட்டிய பிறகு, அம்மொழியின் எழுத்துச் சான்று ஏறத்தாழ 3,400 ஆண்டுகள் பின்னே போய்விட்டது. அந்த எழுத்து உள்ள களிமண் பலகைகளில் பெரும்பாலும் இருப்பவை அரண்மனையின் ஆட்டுக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும். போலிஷில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாக்கியம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போலந்தின் ஹென்ரிகுவ் மடாலயத்தின் லத்தீன் ஏட்டுக்கு நடுவில் அது இருக்கிறது. திரிகை அரைத்துக்கொண்டிருக்கும் மனைவியிடம் கணவன், "கொடு, நான் அரைக்கிறேன், நீ ஓய்வெடு" என்கிறான். எனக்கு இரண்டுமே பொக்கிஷம். ஒன்றை உயர்த்த இன்னொன்றை ஏன் மிதிக்க வேண்டும்?

"பழமையைக் காத்த மொழிக்கே பெருமை" என்று சிலர் வருவார்கள். சரி, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். பழைய கிரேக்கத்தில் நம் 'கு' உருபுக்கு நிகராக இருந்த வேற்றுமை இன்றைய கிரேக்கத்தில் வழக்கொழிந்துவிட்டது, மிஞ்சியவை நான்கு. போலிஷில் விளியோடு சேர்த்து ஏழு வேற்றுமைகள் இன்றும் சந்தையிலும் பஸ்ஸிலும் புழங்குகின்றன. இறந்தகாலப் பன்மையில், ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்கு ஒரு வினைமுடிவு. பெண்கள், குழந்தைகள், நாய்கள், நாற்காலிகள் அனைத்துக்கும் வேறொன்று. அந்தப் பாகுபாடு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் திணை படித்து வளர்ந்த நமக்கு அதன் கட்டமைப்பு புரியாமல் போகாது. இதனால் போலிஷ் உயர்ந்தது என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அந்தப் பெரியவரின் வழியில்தான் நடக்கிறேன்.

கூச்சல் என்ற பேச்சுக்கு வருகிறேன். போலிஷில் இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தரும் இடங்கள் உண்டு. முதலில் கண் மிரளும். விதிகள் பிடிபட்டுவிட்டால் தெரியாத சொல்லையும் தயங்காமல் வாசித்துவிடலாம். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். கிரேக்கத்திலோ 'இ' என்ற ஒரே ஒலியை ஐந்தாறு விதமாக எழுத வேண்டும். பழைய உச்சரிப்புகள் ஒன்றாகிவிட்டன, எழுத்து மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதற்காக யாராவது கிரேக்கத்தைக் குறை சொல்கிறார்களா? சொல்லக் கூடாது. அந்த மரியாதையைத்தான் போலிஷுக்கும் கேட்கிறேன்.

நான் வசிக்கும் போலந்து நகரமான வ்ரோத்ஸ்வாஃபில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். உள்நாட்டுப் போர் 1949-ல் முடிந்தபோது கிரேக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான அகதிகள் போலந்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பத்தின் மகள். பிறந்தது போலந்தின் ஸ்கொஜெலெத்ஸ் ஊரில். படிக்கட்டருகே நான் ஒட்டும் அறிவிப்பில் ஓர் எழுத்தின் அடியில் போட வேண்டிய வால் விடுபட்டிருந்தால், பையிலிருந்து பேனாவை எடுத்துத் தானே வரைந்துவிடுவார். அடுத்த நிமிடம் தெசலோனிகியில் இருக்கும் தங்கையோடு தொலைபேசியில் கிரேக்கத்தில் சத்தமாகப் பேசுவார். எது நல்ல மொழி என்று ஒருமுறை கேட்டேன். "அம்மாவோடு கிரேக்கத்தில் சண்டை போட்டேன், கணவரோடு போலிஷில். இரண்டிலும் நான் தோற்றதில்லை" என்றார். அந்தப் பெரியவர் இவரிடம் வந்து சொல்லட்டும், எது கூச்சல் என்று.

"நீ அங்கே சம்பளம் வாங்குகிறாய், அதனால் பேசுகிறாய்" என்பார்கள். இதற்குப் பதில் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. சம்பளத்துக்காக யாரும் போலிஷ் கவிஞர் சிம்போர்ஸ்காவை இரவில் உட்கார்ந்து வாசிப்பதில்லை.

1901ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். பிரஷ்ய (ஜெர்மன்) ஆட்சியில் இருந்த வ்ஜெஷ்னியா ஊர்ப் பள்ளியில், சமய வகுப்பில் ஜெர்மனில் பதில் சொல்ல மறுத்த போலிஷ் குழந்தைகளை மே மாதம் பிரம்பால் அடித்தார்கள். தட்டிக்கேட்ட பெற்றோர்களுக்கு நவம்பரில் சிறைத்தண்டனை. அதே நவம்பரில் ஏதென்ஸில் கலவரம். பைபிளின் நற்செய்தியை மக்கள் பேசும் கிரேக்கத்தில் ஒரு நாளிதழ் வெளியிட்டதுதான் காரணம். எட்டுப் பேர் இறந்தார்கள். பழையதை ஒட்டிய எழுத்துநடையான 'கதாரெவுஸா'தான் தூய்மையானது, தாய் பேசுவது பாமரம் என்ற எண்ணம் தெருவில் உயிர் குடித்தது. பேச்சு கிரேக்கம் அரசின் மொழியாக 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வயதை வைத்து மொழியை அளந்ததில் முதலில் அடிபட்டது கிரேக்கம் பேசிய சாதாரண மக்கள்தான். கிரேக்கத்தை மேடையில் புகழ்கிறவர் இதையும் சொல்லியிருக்க வேண்டாமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீட்டில் பிறந்தவன். தமிழ் என் எழுத்து, என் படிப்பு, என் உயிர். 2004-ல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்தபோது தெருவில் இனிப்பு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பள்ளியில், "அது ஒரு மொழியா? அதில் இலக்கியம் உண்டா?" என்று கேட்டுச் சிரித்த குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. என் அம்மா ஆசிரியர்கள் முன்னால் என்னிடம் வீட்டு மொழியில் பேசக் கூசினார். ஞாயிற்றுக்கிழமை கேட்ட கைதட்டலில் அந்தச் சிரிப்புதான் எனக்குக் கேட்டது. போலந்து நாடே வரைபடத்தில் இல்லாமல் போன 1795 முதல் 1918 வரை ஒரு மொழியைக் கைவிடாமல் வைத்திருந்தவர்களை யாரும் அப்படிப் பேச நான் விடமாட்டேன்.

நேற்று அந்தப் பெரியவர் தனிச்செய்தி அனுப்பினார், மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறாராம். ஐயா, உங்கள் வயதையும் படிப்பையும் மதிக்கிறேன். நூறு பேர் முன்னால் சொன்னதை எனக்கு மட்டும் தனியாகத் திருத்த வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அதே நூறு பேர் முன்னால் சொல்லுங்கள்.