ட்ரையர் குழாயைக் கூரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, சுத்தம் செய்வது என் பொறுப்பாம்!

ஒரு லோடு துணி காய மூன்று தடவை ஓடவிட வேண்டியிருக்கிறது. அப்போதும் ஜீன்ஸ் இடுப்பில் ஈரம், மகளின் பள்ளிச் சட்டையில் ஈர வாடை. ட்ரையர் போய்விட்டது என்று நினைத்துப் புதுசுக்கு விலைகூடப் பார்த்துவிட்டேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. கோளாறு முழுக்கச் சுவருக்குள்ளே!

அமெரிக்காவில் டாலஸுக்கு வடக்கே, கட்டி நாலே வருடம் ஆன வீடு. முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டில் ட்ரையர் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும். குழாய் இரண்டடியில் வெளியே போய்விடும், துணியிலிருந்து உதிர்ந்து அடையும் பஞ்சைக் கையை விட்டே எடுத்துவிடலாம். இப்போது கட்டுகிறவர்களுக்கு லாண்டரி ரூம் மாடியில், படுக்கையறைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். அந்தச் சூடான ஈரக்காற்று எந்த வழியாகப் போகும் என்று ஒருத்தராவது யோசித்தார்களா? சுவருக்குள் ஏறி, கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் வளைந்து நெளிந்து, கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது.

வீடு கட்டுவதற்கான ஐஆர்சி என்ற விதித்தொகுப்பில் ட்ரையர் குழாய் நீளத்துக்குப் பொதுவான வரம்பு 35 அடி. சாதாரண 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் அதில் 5 அடி கழிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று வளைவு, ஆக மிச்சம் 20 அடி. சுத்தம் செய்ய வந்தவர் பிரஷ் கம்பியை விட்டு அளந்து சொன்னது 31! இப்படி வரம்பைத் தாண்டி, சுவருக்குள் மறைத்த குழாய் என்றால் நீளத்தை எழுதி அருகிலேயே ஒட்டவும் வேண்டும். வீடு முழுக்கத் தேடிவிட்டேன், ஒரு சீட்டும் இல்லை.

வயிறு எரிந்தது அதற்கப்புறம்தான். கூரையிலுள்ள குழாய் மூடியைக் கழற்றி எடுத்துவந்து காட்டினார். உள்ளே கம்பிவலை! குழாயின் வெளிவாயில் வலை வைக்கவே கூடாது என்று அதே விதி சொல்கிறது. பஞ்சு அதில்தான் போய் அடையும். சாம்பல் நிறத்தில், நனைந்த கம்பளித் துண்டு மாதிரி, விரற்கடை தடிமனுக்கு ஒட்டிக்கிடந்தது. நடுவே மகளின் தலைமுடி சுருண்டு தெரிந்தது. ஒவ்வொரு லோடுக்கும் வடிகட்டியை வழித்துப் போடுகிறவள் நான். அதைத் தாண்டிப் போகிற பஞ்சை நான் எப்படிப் பிடிப்பேன்?

பில்டருக்கு போன் செய்தால், "அது ஓனர் மெயின்டனன்ஸ், வருஷத்துக்கு ஒரு தடவை நீங்கதான் சுத்தம் பண்ணணும்" என்கிறார்கள். மாடி வீட்டுச் சரிவுக் கூரையில் நான் எப்படி ஏறுவது? 2008 முதல் 2010 வரையிலான கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 2,900 வீடுகளில் ட்ரையரால் தீப்பிடித்தது என்கிறது அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம். முதல் காரணம், சுத்தம் செய்யாதது. கை எட்டாத இடத்தில் குழாய் வாயை வைத்து, அதற்கு வலையும் போட்டவன் குற்றம் யார் கணக்கில்? அந்தச் சுவருக்கு அடுத்த அறையில் என் பிள்ளை தூங்குகிறாள்!

220 டாலர் கொடுத்து வலையை வெட்டி எறிந்தாயிற்று. இப்போது ஒரே ஓட்டத்தில் துணி காய்கிறது. பக்கத்து வீடும் அதே பில்டர், அதே பிளான். நேற்று போய்க் கேட்டேன். அவர்கள் ட்ரையரும் இரண்டு தடவை ஓடினால்தான் காய்கிறதாம்.