ஒரே அம்புக்குறிக்குள் 16 ஒட்டு

பழைய பைப்ளேன் கிட் (இரட்டை இறக்கை விமானத்தின் சிறு மாதிரியை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி) எதையாவது எடுத்து அதன் செய்முறைத் தாளை விரித்துப் பாருங்கள். விமானி உட்காரும் நாற்காலிக்கு ஒரு படம். உடலின் இரண்டு பாதிகளைச் சேர்க்க ஒரு படம். சக்கரத்துக்கு ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு ஒன்று. எல்லாம் முடிந்து மேல் இறக்கைக்கு வந்தால், மேலிருந்து கீழே ஒரே ஒரு அம்புக்குறி! முழு வேலையிலும் கஷ்டமான கட்டம் இதுதான். கிட் பாழாவதும் பெரும்பாலும் இங்கேதான். அதற்கு ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். பெட்டி மேலே "தொடக்கநிலை" என்று அச்சடிக்க மட்டும் மறக்கவில்லை. வயிறு எரிகிறது.

அந்த அம்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான சோப்வித் கேமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலுக்கும் மேல் இறக்கைக்கும் நடுவே 4 ஸ்ட்ரட், அதாவது தாங்கு கம்பு. இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே பக்கத்துக்கு 2 வீதம் இன்னும் 4. மொத்தம் 8 ஸ்ட்ரட், 16 முனை. கீழ் முனை எட்டையும் ஒட்டி நிமிர்த்தி வைத்துவிட்டு, மேல் இறக்கையை இறக்கி எட்டுக் குழியிலும் எட்டு முனையை ஒரே நேரத்தில் நுழைக்க வேண்டும் என்கிறது தாள். ஒன்று நுழையும்போது எதிர்ப்பக்கத்து இரண்டு சாயும். சாய்ந்ததைப் பிடிக்க விரல் போனால் பசை வர்ணத்தில் இழுபடும். டியூபில் வரும் சிமென்ட் என்னும் பிளாஸ்டிக் பசை என்றால் நூல் நூலாக வேறு கட்டும். கடைசியில் இறக்கை ஒரு பக்கம் தாழ்ந்து, பின்னாலிருந்து பார்த்தால் வாலோடு ஒத்துப்போகாமல் காய்ந்துவிடும். செய்தவர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு பெட்டியை மூடிவிடுகிறார். கையில் ஒரு கோளாறும் இல்லை. சொன்ன முறைதான் தப்பு.

எங்கே தப்புகிறது என்பதற்குக் காரணம் உண்டு. நிஜக் கேமலில் உற்பத்தி சுலபமாக வேண்டும் என்று மேல் இறக்கையைத் தட்டையாக வைத்தார்கள். அதை ஈடுகட்டக் கீழ் இறக்கைக்கு 5 டிகிரி மேல்நோக்கிய சாய்வு கொடுத்தார்கள். கிட்டில் அந்த 5 டிகிரி என்றால், உடலை ஒட்டிய இடத்தைவிட இறக்கை நுனி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கீழ் இறக்கையை ஒட்டும்போது இது 1 மில்லிமீட்டர் குறைந்தாலும் போச்சு, வெளி ஸ்ட்ரட் நாலும் எட்டாது. 1 மில்லிமீட்டர் கூடினால் மேல் இறக்கையைத் தூக்கிவிடும். இந்த 5 மில்லிமீட்டரைத் தாளில் ஒரு முன்பக்கப் படமாகக் காட்டியிருக்கக் கூடாதா? ஒரு கோடு, ஒரு எண், அவ்வளவு போதுமே!

அது போதாது என்று அச்சும் தேய்ந்திருக்கும். குழி 0.8 மில்லிமீட்டர், அதில் நுழைய வேண்டிய முளை 1.2 என்று வந்தால் எப்படி நுழையும்? பிசிறு ஒட்டிய ஸ்ட்ரட்டைச் சுரண்டினால் பாதியில் ஒடிகிறது. சிமென்ட் வேலை செய்ய வெறும் பிளாஸ்டிக் வேண்டும். அது வர்ணத்தின் மேல் பிடிக்காது, பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பதுதான் அதன் வேலை. பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலேயே ஸ்ட்ரட்டுக்கு வர்ணம் அடி என்று சொல்லும் தாள், ஒட்டுவதற்கு முன் முனையையும் குழியையும் சுரண்டி வர்ணத்தை எடு என்று சொல்வதே இல்லை. எத்தனை இறக்கை இந்த ஒரு வரி இல்லாததால் கழன்று விழுந்திருக்கும்!

சரி, செய்ய வேண்டிய முறை என்ன? முதலில் கீழ் இறக்கை. தடித்த அட்டையில் உடலுக்கு ஒரு பள்ளம் வெட்டி, நுனிகள் அந்த 5 மில்லிமீட்டரில் நிற்க இரண்டு பக்கமும் தாங்கல் வைத்து, அதன் மேல் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். அடுத்து நடு ஸ்ட்ரட் நாலை மட்டும் உடலில் ஒட்டுங்கள். பசை இளகலாக இருக்கும்போதே மேல் இறக்கையைப் பசையில்லாமல் அவற்றின் தலையில் வைத்துக் கோணத்தைச் சரிசெய்து, அப்படியே காய விடுங்கள். காய்ந்ததும் இறக்கையை எடுத்துவிடலாம். நாலு ஸ்ட்ரட்டும் தாம் நிற்க வேண்டிய கோணத்தில் நின்றிருக்கும்.

இனி எல்லாமே தலைகீழ். கேமலின் மேல் இறக்கை தட்டை என்றேனே, அது நமக்குக் கிடைத்த வரம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மேல் இறக்கையைக் கவிழ்த்து வையுங்கள். இறக்கையின் முதுகு வளைவாக இருப்பதால் ஆடும். முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் அடியில் அட்டைத் துண்டு கொடுத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். விமானத்தைக் கவிழ்த்து, நாலு ஸ்ட்ரட் தலையையும் அதன் குழியில் இறக்கி, ஊசி முனையில் எடுத்த பசையைத் தொட்டு வையுங்கள். உடனே அளவுகோல் எடுங்கள்: இடது நுனியின் பின் ஓரத்திலிருந்து வால் முனை வரை எவ்வளவோ, வலதிலும் அதே அளவு வர வேண்டும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் இப்போதே திருப்பிவிடுங்கள். அப்புறம் ஒரு இரவு தொடாதீர்கள்.

மறுநாள் வெளி ஸ்ட்ரட் நாலையும் ஒவ்வொன்றாக இடுக்கியால் நடுவே செருகலாம். நீளமாக இருந்தால் முனையை 0.2 மில்லிமீட்டர் ராவி மறுபடி பாருங்கள். குட்டையாக இருந்தால் இறக்கையை அழுத்தி எட்டவைக்காதீர்கள், அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். பிளாஸ்டிக் கம்பித் துண்டு ஒன்றை முனையில் ஒட்டி நீளமாக்குங்கள். பார்த்தீர்களா, 16 முனையில் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவை நாலைத் தாண்டவே இல்லை. இதற்கு விசேஷத் திறமை ஒன்றும் வேண்டாம். நாலு சின்னப் படம் வரைந்து போட்டிருந்தால் முடிந்தது. கிளாடியேட்டர் மாதிரி மேல் இறக்கைக்கும் சாய்வு இருக்கும் விமானம் என்றால் கவிழ்க்கும்போது நடுப்பகுதிக்கு அடியில் தாங்கல் வேண்டும், மற்றபடி இதே முறைதான்.

இறக்கையின் மேற்பரப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிஜ விமானத்தில் லினன் துணியை இழுத்துப் போர்த்தி, டோப் என்னும் பூச்சை அடுக்கடுக்காக ஏற்றி, முரசுத் தோல் போல விறைப்பாக்கியிருப்பார்கள். பத்தடி தள்ளி நின்றால் நெசவே தெரியாது. விலா எலும்பு மாதிரி உள்ளே ஓடும் ரிப்களின் மேல் ஒட்டிய பட்டைதான் தெரியும். பழைய அச்சு செய்தவர்களோ இறக்கை முழுக்கச் சாக்குப்பை நெசவைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மேட்டின் உயரம் 0.2 மில்லிமீட்டர் என்றால் 72 மடங்கில் 14 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு! பின் ஓரம் 1 மில்லிமீட்டர் தடிமன், அதாவது நிஜத்தில் 72 மில்லிமீட்டர், நாலு விரற்கடை. கத்தி போல மெலிந்திருக்க வேண்டிய ஓரம் அது.

இதற்கு 400 உப்புத்தாளைக் கண்ணாடியின் மேல் விரித்து, தண்ணீர் விட்டு, இறக்கையின் அடிப்பக்கத்தை மட்டும் பின் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். மேல் பக்கத்தைத் தேய்த்தால் வளைவு போய்விடும். 600, 800 என்று முடியுங்கள். மேல் நெசவின் மேல், பள்ளத்தை நிரப்பும் பூச்சான திரவப் புட்டியை இரண்டு முறை பூசி லேசாகத் தேய்த்தாலே அடங்கிவிடும். இறக்கை முறுக்கிக்கொண்டிருந்தால், கொதிநீர் வேண்டாம், கை பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் நனைத்து, எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பிப் பிடித்து, குளிர்நீரில் ஆற்றுங்கள்.

வர்ணத்துக்கு வந்தால் தாள் சொல்வது "அடர்பச்சை". கேமலின் மேற்பரப்பில் இருந்தது பி.சி.10 என்ற பூச்சு. மஞ்சள் காவியும் கரியும் கலந்தது. ஆலிவ் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே ஒரு நிறம், காட்டுப்பச்சைக்குப் பக்கத்தில்கூட வராது. அடிப்பக்கம் நிறமில்லா டோப் பூசிய லினன், இளம் பாலாடை நிறம். அதை "வெள்ளை" என்றோ "வெள்ளி" என்றோ போட்டிருந்தால் நம்பாதீர்கள். வர்ணத்துக்கு முன் ஸ்ப்ரூக்களைப் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால், மறைப்பு டேப்பை உரிக்கும்போது வர்ணமும் சேர்ந்து உரிந்து வரும். மேல் இறக்கையின் அடிப்பக்கம், கீழ் இறக்கையின் மேல்பக்கம், உடலின் முன்பகுதி மூன்றையும் இறக்கை ஏற்றும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பிரஷ் நுழையாது.

தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள் உள்ள டீகால் தாளைப் பற்றி என்ன சொல்ல! பழுத்த இலை போல மஞ்சளித்திருக்கும். தண்ணீரில் போட்டால் நூறு துண்டாகும். தேவைப்படாத ஓர் எழுத்தை முதலில் நனைத்துப் பாருங்கள். உடைந்தால் முழுத் தாளுக்கும் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காய விட்டு, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுங்கள், ஏனென்றால் இப்போது தாள் முழுக்க ஒரே படலம். மஞ்சளைப் போக்க, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டி வையுங்கள். விமானத்தின் வட்ட அடையாளத்தில் சிவப்பு வட்டம் நடுவிலிருந்து விலகி அச்சாகியிருந்தால் வேறு வழியில்லை, வேறு தாள்தான். சுக்கான் பட்டையின் வரிசையையும் சரிபாருங்கள்: முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் விமானத்தில் முன்னால் நீலம், நடுவில் வெள்ளை, பின் ஓரத்தில் சிவப்பு. 1930-இல்தான் அது தலைகீழானது.

இப்போது ரிக்கிங், அதாவது இறக்கைகளை இழுத்துக் கட்டும் கம்பிகள். பெட்டி மேல் இருக்கும் ஓவியத்தில் கம்பிகள் பளபளவென்று இழுத்துக் கட்டியிருக்கும். பெட்டிக்குள் ஒரு நூல் இருக்காது, ஒரு துளை இருக்காது, எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு படம் இருக்காது. கம்பி இல்லாத பைப்ளேன் பைப்ளேனே இல்லை! அந்த இரண்டு இறக்கையையும் ஒரு பெட்டியாக இறுக்கிப் பிடிப்பதே கம்பிதான். உடலின் அடியிலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் உச்சிக்குப் போவது பறக்கும்போது சுமை தாங்கும் கம்பி, கேமலில் இது இரட்டை. நடு ஸ்ட்ரட்டின் உச்சியிலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் அடிக்கு வருவது தரையில் நிற்கும்போது இறக்கையைத் தாங்குவது. ஸ்ட்ரட் ஜோடிகளுக்கு நடுவே குறுக்குக் கம்பி. வாலுக்கும் சக்கரத்துக்கும் தனி.

துளைகளை வர்ணத்துக்கு முன்பே, இறக்கைகள் தனித்தனியாக இருக்கும்போதே, பின் வைஸ் என்னும் சின்னக் கைத்துளைப்பானில் 0.3 மில்லிமீட்டர் பிட் போட்டு எடுத்துவிடுங்கள். கீழே 1 மில்லிமீட்டர் ஆழக் குருட்டுத் துளை, மேல் இறக்கையில் முழுத் துளை. 0.1 மில்லிமீட்டர் நைலான் இழை போதும், நிஜத்தில் 7 மில்லிமீட்டர் கணக்கு. கீழ் முனையைச் சூப்பர் க்ளூவில் தொட்டுக் குருட்டுத் துளையில் வையுங்கள். பிடித்ததும் மறுமுனையை மேல் இறக்கைத் துளை வழியே வெளியே எடுத்து, விமானத்தைக் கவிழ்த்துத் தாங்கலில் வைத்தால் இழை கீழ்நோக்கித் தொங்கும். அதில் லேசான கிளிப் ஒன்றை மாட்டுங்கள். அந்த எடையே இழையை நேராக இழுக்கும். துளையில் ஒரு துளி, பத்து நிமிடம், பிறகு பரப்போடு ஒட்டி வெட்டுங்கள். கிளிப் கனமானால் இறக்கை வளையும். இடதில் ஒன்று கட்டினால் அடுத்து வலதில் அதே கம்பி, இல்லையென்றால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதை முதலில், வெளியே இருப்பதைக் கடைசியில். தொய்ந்த இழைக்கு அருகே அணையாத ஊதுபத்தியின் கங்கைக் காட்டினால் சுருங்கி விறைக்கும், தொட்டுவிட்டால் அறுந்துவிடும். மேல் இறக்கையின் துளைத் தடத்தைப் புட்டியால் மூடி, வர்ணம் தொட்டு, அதற்கப்புறம்தான் அங்கே வட்ட டீகால். முன் கண்ணாடி எல்லாவற்றுக்கும் கடைசி, சூப்பர் க்ளூ ஆவி பட்டால் வெண்புகை படிந்து மங்கிவிடும்.

இவ்வளவையும் ஒரே அம்புக்குறியில் முடித்தவர்கள், அதே தேய்ந்த அச்சைப் புதுப் பெட்டியில், புது ஓவியத்தோடு, புதுக் கிட் போலவே மறுபடி விற்கிறார்கள். அச்சு எந்த ஆண்டு வெட்டியது என்று பெட்டியின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் போடுங்கள். தாளில் ஒரு பக்கம் கூட்டுங்கள்: சாய்வுக் கோணத்தோடு ஒரு முன்பக்கப் படம், துளைகளைக் குறித்த ஓர் இறக்கைப் படம், இறக்கையைக் கவிழ்த்து ஏற்றும் வரிசை. அச்சைப் புதிதாக வெட்டச் சொல்லவில்லை. ஒரு தாளைப் புதிதாக அச்சடியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.