குதிரைக்குட்டி ஒரே நாளில் வண்டிக்குப் பழகிவிடுமா?

"இரண்டு வயதுக் குட்டியை நேராகப் பாரவண்டியில் பூட்டுங்கள்; ஓடிக் களைத்தால் ஒரே நாளில் பழகிவிடும்" என்று ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

இரண்டு வயதில் குதிரை பார்வைக்குத்தான் பெரியது. முதுகெலும்பு முதிர 5 வயதுக்கு மேல் ஆகும். அதற்காகச் சும்மா விட்டுவைக்க வேண்டியதில்லை, பாரம்தான் கூடாது.

களைப்பு எதையும் கற்றுத்தராது. குதிரை மிரண்டால் ஓடும் பிராணி. ஓட ஓட, பின்னால் ஏதோ தடதடவென்று துரத்துகிறது. அது தன்னோடு கட்டப்பட்ட வண்டி என்று அதற்கு எப்படித் தெரியும்? அப்படித் தறிகெட்டு ஓடிய குதிரையை மறுபடி நம்பிப் பூட்டுவது கடினம்.

முறையான பழக்கம் வண்டியே இல்லாமல் தொடங்குகிறது. முதலில் சேணம் மட்டும். பிறகு பயிற்சியாளர் நீண்ட வார்களைப் பிடித்துப் பின்னால் நடந்தபடி நிற்கவும் திரும்பவும் பழக்குவார். அடுத்து, ஒருவர் பழைய டயரைக் கயிற்றில் கட்டிப் பக்கத்தில் இழுத்து வருவார். குட்டியின் காதுகள் அந்த ஒலியின் பக்கம் திரும்பித் திரும்பி, மெல்லத் தளரும். அதன் பிறகே டயரைக் குட்டி இழுக்கும். வெற்று வண்டி கடைசியில்தான், அதுவும் சமதரையில். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

கண்மறைப்பு போட்டால் பயம் போய்விடும் என்றும் அந்தச் செய்தி சொல்கிறது. மறைப்பு பார்வையைத்தான் தடுக்கும்; சக்கரத்தின் சத்தம் காதில் விழத்தான் செய்யும்.