கெர்னல் மாறாதபோது ரீபூட் எதற்கு?
‘எந்த அப்டேட் போட்டாலும் உடனே ரீபூட் செய்துவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு’ என்று லினக்ஸ் அப்டேட் பற்றிய கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. லினக்ஸில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பை மாற்றிவிடலாம். வட்டில் புதிய கோப்பு வந்துவிடும். பழையதைத் திறந்து வைத்திருக்கும் நிரலோ, அதை மூடும்வரை பழையதையே பயன்படுத்தும். ஆகவே லிப்ரே ஆபிஸ் போன்ற ஒரு செயலி மட்டும் மாறியிருந்தால் அதை மூடித் திறந்தாலே வேலை முடிந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாற உதவும் டிபஸ் ஆகியவற்றில் ஒன்று மாறினால் ரீபூட் செய்வதுதான் சரி. இதை ஊகிக்கவும் வேண்டியதில்லை: லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட், ஓப்பன்சூசேயில் ஸிப்பர் பிஎஸ், ஃபெடோராவில் டிஎன்எஃப் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் ஆகிய கட்டளைகள் எதை மறுபடி தொடங்க வேண்டும் என்று காட்டிவிடும். ஒன்றரை வருடமாக அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். பாதி எழுதிய வேலையை மூட வேண்டிய நிலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் ‘லினக்ஸுக்கு ரீபூட்டே தேவையில்லை’ என்று சொல்லியிருப்பது கட்டுரையின் அறிவுரையைவிட ஆபத்தானது. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது இருந்த மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பித்தால் மட்டும் போதவில்லை. அதைப் பயன்படுத்திய சேவைகளை மறுபடி தொடங்கும்வரை பழைய ஓட்டை நினைவகத்தில் அப்படியே இருந்தது. 2015-இல் லினக்ஸ் 4.0-இல் சேர்ந்த லைவ் பேட்சிங்கும் (ரீபூட் செய்யாமலேயே ஓடும் கெர்னலைத் திருத்தும் வசதி) எல்லா மாற்றத்துக்கும் பொருந்தாது. டெஸ்க்டாப் சூழலையே புதுப்பிக்கும் நாளில் மட்டும் நான் வேலையை முடித்துவிட்டு லாக் அவுட் செய்து, உள்ளே திரும்பி வருகிறேன். ஒருமுறை அப்படிச் செய்யாமல் விட்டதில், கோப்பு மேலாளர் நடுவிலேயே நின்றுபோனது.