கினுயோ தனாகாவை ‘மிசோகுச்சியின் நடிகை’ என்று சொல்வதை நிறுத்துவோம்

உலக சினிமா பேசும் குழுக்களில் ஜப்பானிய நடிகை கினுயோ தனாகாவின் பெயர் வரும்போதெல்லாம் ஓர் அடைமொழியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘மிசோகுச்சியின் நடிகை’. ஜப்பானின் பெரிய இயக்குநர் மிசோகுச்சியின் படங்களில் நடித்தவர் என்பதற்காக. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது என்னை உறுத்துகிறது. ஐம்பது வருடம் சினிமாவில் இருந்தவர், ஆறு படங்களை இயக்கியவர். அவருடைய மொத்த உழைப்பையும் இன்னொருவர் பெயருக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவிட்டுப் போவது நியாயமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 1909இல் ஷிமோனோசெகியில் பிறந்த தனாகா, 1924இல் ஷோச்சிகு திரைப்பட நிறுவனத்தில் சேர்கிறார். பதினான்கு வயது. மிசோகுச்சியின் படத்தில் முதல்முறையாக நடிப்பது 1940இல். அதற்குள் அவர் நாடறிந்த நட்சத்திரம். ஜப்பானில் முழுப் பேசும்படம் என்று வெற்றிபெற்ற முதல் படம், 1931இல் இயக்குநர் கோஷோ எடுத்தது, அதில் கதாநாயகனின் மனைவி இவர்தான். 1933இல் இயக்குநர் ஓசுவின் மௌனப்படம் ஒன்றில் பகலில் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டு, இரவில் ரவுடியின் காதலியாகத் திரியும் பெண். 1938இல் ஒரு நர்ஸின் காதல் கதையில் நடித்து நாட்டையே அழவைத்தார். மிசோகுச்சியுடன் கடைசிப் படம் 1954. அதற்கப்புறமும் இருபது வருடத்துக்கு மேல் நடித்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய நடிப்பு என்னவென்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு காட்சி போதும் என்றால் நான் மிசோகுச்சி படம் எதையும் எடுக்க மாட்டேன். இயக்குநர் கினோஷிதா 1944இல் எடுத்த ‘ராணுவம்’ படத்தின் கடைசிப் பகுதியைத்தான் போட்டுக் காட்டுவேன். போர் உச்சத்தில் இருந்த நேரம். ராணுவ அமைச்சகத்தின் ஆதரவோடு, மக்களைப் போருக்கு ஆயத்தப்படுத்துவதற்காக எடுக்கப்பட்ட படம். பிள்ளையைப் போருக்கு அனுப்புகிற தாய் பெருமைப்பட வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. தனாகா வீட்டில் உட்கார்ந்து, படைவீரர்களுக்கான பேரரசரின் ஆணையை வாய்க்குள் முணுமுணுக்கிறார். தூரத்தில் எக்காளம் கேட்கிறது. எழுந்து ஓடுகிறார். தெரு நிறைய கூட்டம், கொடிகள், ஆரவாரம். அணிவகுத்துப் போகும் படையில் மகன் எங்கே என்று தேடிக்கொண்டே ஓடுகிறார். கண்டுபிடித்ததும் பக்கத்திலேயே ஓடுகிறார். கூட்டம் இடிக்கிறது, விழுகிறார், எழுகிறார். கடைசியில் கையைக் கூப்பி நிற்கிறார். வசனம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ராணுவத்துக்குக் கோபம் வந்தது, போர் முடியும் வரை கினோஷிதாவால் அடுத்த படம் எடுக்க முடியவில்லை. திரைக்கதையாக எழுத்தில் இருந்தபோது தணிக்கை அனுமதித்த காட்சிதான் அது. அதைப் போருக்கு எதிரான காட்சியாக ஆக்கியது அந்த முகம். இயக்குநருக்கு அதில் எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு தனாகாவுக்கும் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போருக்குப் பின் 1949 கடைசியில் நல்லெண்ணத் தூதராக அமெரிக்கா போனார். சில மாதம் கழித்துத் திரும்பிவரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திரண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து முத்தங்களைப் பறக்கவிட்டார். அதற்குப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்துவிட்டன. தோற்ற நாட்டின் காயம் ஆறாத நேரம், ஜெயித்தவன் ஊர் பாணியில் வந்து இறங்குகிறாள் என்று ஆத்திரம். அப்போது அவருக்கு நாற்பது வயது. நாற்பது வயது நடிகையைத் தூக்கிப் போட ஒரு காரணம் கிடைத்தால் சினிமாத் தொழில் விடுமா? எந்த ஊரிலும் விடாது.

அங்கிருந்து மீண்டு வந்ததில் மிசோகுச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நான் மறுக்கவே இல்லை. 1952இல் ‘ஒஹாருவின் வாழ்க்கை’, 1953இல் ‘உகெட்சு’, 1954இல் ‘சான்ஷோ தி பெய்லிஃப்’. மூன்று வருடம் தொடர்ந்து வெனிஸ் விழாவில் மிசோகுச்சிக்கு விருது, மூன்றிலும் தனாகா. ஒஹாருவில் அரண்மனைப் பணிப்பெண்ணாகத் தொடங்கி, விற்கப்பட்டு, விரட்டப்பட்டு, வயதான தெருவோர விலைமகளாக முடிகிற ஒரு முழு ஆயுளை நாற்பத்திரண்டு வயதில் சுமந்து நடித்திருக்கிறார். இந்தப் படங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவன்தான் நானும். என் வருத்தம், கொண்டாட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது என்பதில்தான்.

ஏனென்றால் அதே 1953இல் அவர் செய்த காரியம் சாதாரணமானதல்ல. நாட்டின் பெரிய நடிகை, இயக்குநர் நருசேயிடம் போய்த் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, அவருடைய படத்தில் உதவியாளராக நின்றார். அந்த வருடக் கடைசியிலேயே தன் முதல் படத்தை இயக்கி வெளியிட்டார். ‘காதல் கடிதம்’. திரைக்கதை கினோஷிதா. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு சந்து. அமெரிக்கச் சிப்பாய்களோடு வாழ்ந்த ஜப்பானியப் பெண்கள், ஊர் திரும்பிவிட்ட அவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித்தரச் சொல்லி அங்கே வருகிறார்கள். பணம் அனுப்பு, குழந்தை பிறந்திருக்கிறது, மறந்துவிடாதே. எழுதிக்கொடுக்கிறவன் போரிலிருந்து திரும்பியவன், பழைய காதலியை மனதில் வைத்துக்கொண்டு அலைகிறவன். ஒருநாள் அவளும் கடிதம் எழுதித்தரச் சொல்லி அங்கே வந்து நிற்கிறாள். அவளை அவன் வாட்டி எடுக்கிறான். படம் அவன் பக்கம் சாய்வதே இல்லை. உனக்கு மட்டும் போர் நடந்ததா, இந்தப் பெண்களைத் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று நேராகவே கேட்கிறது. கடிதம் எழுத வருகிற பெண்களில் ஒருத்தியாகத் தனாகாவும் தலைகாட்டுகிறார். அமெரிக்காவிலிருந்து திரும்பியதற்காக வசை வாங்கிய நடிகை, தன் முதல் படத்தில் இந்தப் பெண்களோடு வந்து நிற்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1954 கான் விழாவில் போட்டிப் பிரிவிலேயே இடம்பெற்ற படம் இது.

அடுத்த படத்துக்குத்தான் சிக்கல். கதை ஓசு எழுதியது, நிக்காட்சு நிறுவனம் எடுக்கத் தயார். ஜப்பான் இயக்குநர்கள் சங்கத்தின் தலைவர் அப்போது மிசோகுச்சி. அவர் தனாகா இயக்குவதை எதிர்த்தார். ஓசு தனாகாவின் பக்கம் நின்றார், சங்கமும் கடைசியில் தனாகாவோடு நின்றது, ‘நிலா எழுந்தது’ 1955இல் வெளிவந்தது. இத்தனை படங்களில் தன் கதைகளைத் தாங்கிப்பிடித்த நடிகை கேமராவின் அந்தப்பக்கம் போனதும் மிசோகுச்சிக்கு ஏன் பொறுக்கவில்லை? பெண்களின் துயரத்தைத் திரையில் அவரளவுக்குச் சொன்னவர் யாரும் இல்லை என்று நாம் எழுதுகிறோம், பேசுகிறோம். அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் இருவரும் அதற்கப்புறம் சேர்ந்து படம் செய்யவில்லை. 1956இல் மிசோகுச்சி இறந்துவிட்டார்.

‘நிலா எழுந்தது’ பிரமாதமான படம் என்று சொல்ல மாட்டேன். ஓசுவின் வீட்டுக்குள் அவர் விருந்தாளியாக நடமாடுவது போல இருக்கும். ஆனால் அதே 1955இல் வந்த மூன்றாவது படம் இருக்கிறதே, அதைப் பார்த்தபின் தனாகாவை நடிகை என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபுமிகோ நகாஜோ என்று ஹொக்கைடோவைச் சேர்ந்த ஒரு கவிஞர். மணமுறிவு, பிள்ளைகள், அப்புறம் மார்பகப் புற்றுநோய். முதல் தொகுப்பு வெளியான 1954இலேயே, 31 வயதில் இறந்துவிட்டார். அடுத்த வருடமே அவர் கதையைத் தனாகா படமாக்கினார். திரைக்கதை சுமியே தனாகா என்ற பெண் எழுத்தாளர். நோயாளிப் பெண் என்றால் சினிமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெலிந்து, பொறுமையாக, எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போவாள். இந்தப் படத்தின் ஃபுமிகோ அப்படி இல்லை. கோபப்படுகிறாள், பொறாமைப்படுகிறாள், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஆணை விரும்புகிறாள், அதை மறைக்காமல் சொல்கிறாள். தோழியின் வீட்டுக் குளியலறைக் காட்சி ஒன்று. தோழியின் கணவனை ஃபுமிகோ மனதுக்குள்ளேயே நேசித்தவள், அவன் இறந்தும்போய்விட்டான். அவன் குளித்த அதே தொட்டியில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். அறுவை சிகிச்சையின் வடுவைப் பார்க்க நேர்ந்த தோழியின் முகம் தானாகத் திரும்பிக்கொள்கிறது. ஆண்கள் எடுத்த எத்தனையோ படங்களில் பெண்ணின் உடம்பு எப்படியெல்லாம் காட்டப்பட்டிருக்கிறது! 1955இல் ஒரு பெண், ஒரு பெண்ணின் உடம்பை அவளுக்கே சொந்தமானதாக, அவளுடைய ஆசையும் ஆத்திரமும் குடியிருக்கிற இடமாகக் காட்டியிருக்கிறார். ஒரு இரவு ஃபுமிகோ அழுகைச் சத்தத்தைத் தொடர்ந்து ஆஸ்பத்திரி நடைவழியில் போகிறாள். பிணவறைக்குப் போகும் வழியின் கம்பிக்கதவு அவள் கண்முன் மூடுகிறது. கடைசியில் அவளும் அதே வழியாகத்தான் போகிறாள்.

அப்புறம் 1960இல் மஞ்சூரியா அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஜப்பானியப் பெண்ணின் கதை, மச்சிகோ கியோ நடித்தது. வண்ணம் அழகு, கதை இழுவை. 1961இல் வந்தது எனக்கு மிக முக்கியமான படம்: ‘இரவின் பெண்கள்’ என்று சொல்லலாம். மிசோகுச்சி 1948இல் இதே போன்ற தலைப்பில் ஒரு படம் எடுத்தார், போருக்குப் பிந்தைய ஒசாகாவில் தெருவுக்கு வந்துவிட்ட பெண்ணாக அதில் நடித்தது தனாகா. மிசோகுச்சியின் கடைசிப் படமும் விலைமாதர் விடுதியைப் பற்றியதுதான், விபச்சாரத் தடைச்சட்டம் விவாதத்தில் இருந்த நேரத்தில் வந்தது. சட்டம் வந்தது, விடுதிகள் மூடப்பட்டன. சரி, அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? தனாகாவின் படம் இந்தக் கேள்வியில் தொடங்குகிறது. மறுவாழ்வு இல்லத்திலிருந்து வெளியே வரும் ஒரு பெண்ணுக்குக் கடையில் வேலை கிடைக்கிறது, அவள் பழைய கதை தெரிந்ததும் பார்வை மாறுகிறது. போகிற இடமெல்லாம் இதே கதை. மிசோகுச்சி அந்தப் பெண்ணின் வீழ்ச்சியைப் பார்த்தார், தனாகா அவள் அடுத்த நாள் காலையில் எழுந்து வேலை தேடிப் போவதைப் பார்த்தார். அந்த வேடத்துக்குள் இருந்து பார்த்தவருக்குத்தான் இது தோன்றும் என்பது என் எண்ணம்.

1962இல் கடைசிப் படம். தேநீர்க் கலை வல்லுநர் சென் நோ ரிக்கியுவின் மகளைப் பற்றியது. தயாரித்தது நிஞ்சின் கிளப். இதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் அப்போது நடிகர்கள் ஸ்டூடியோக்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். 1953இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் கூடி, ஒருவர் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆளை இன்னொருவர் எடுப்பதில்லை என்று உடன்பாடே போட்டுக்கொண்டன. அதை எதிர்த்து 1954இல் கெய்கோ கிஷி, யோஷிகோ குகா, இனேகோ அரிமா என்ற மூன்று நடிகைகள் சேர்ந்து தொடங்கியதுதான் நிஞ்சின் கிளப். இயக்குநர் கோபயாஷியின் ‘தி ஹ்யூமன் கண்டிஷன்’ மூன்று பாகங்களுக்குப் பின்னாலும் இவர்கள் இருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறோம்! இந்த மூன்று பெண்களின் பெயரை எழுதியவர்கள் எத்தனை பேர்?

இது தனாகாவோடு முடிகிற விஷயமும் அல்ல, ஜப்பானோடு முடிகிற விஷயமும் அல்ல. ஜப்பானில் 1936இலேயே படம் இயக்கிய பெண், தசுகோ சகானே, மிசோகுச்சியிடம் உதவியாளராக இருந்தவர், முதல் படத்துக்குப் பின் அவருக்குக் கதைப்படம் இயக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. கொரியாவில் பார்க் நாம்-ஓக் 1955இல் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ‘விதவை’ படத்தை எடுத்தார். அதுதான் அவருடைய ஒரே படம், அதன் கடைசிச் சுருள் இன்று இல்லை. நடிகை சோய் உன்-ஹீ 1960களில் படம் இயக்கத் தொடங்கினார். ஆனால் அவர் பெயரைத் தேடினால் 1978இல் வடகொரியா அவரைக் கடத்திக்கொண்டு போனதுதான் முதலில் வந்து நிற்கிறது.

தனாகாவின் ஆறு படங்களும் மிசோகுச்சியின் தரத்துக்கு வராது என்று சில நண்பர்கள் சொல்வார்கள். வர வேண்டிய அவசியம் என்ன? இரண்டு படங்கள் சுமார் என்று நானே சொல்லிவிட்டேன். ஓர் இயக்குநரை அவருடைய சிறந்த படங்களை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம். இவருக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

இயக்கம் நின்றபின்னும் நடிப்பு நிற்கவில்லை. 1974இல் ‘சண்டாகன் எண் 8’. சிறுவயதில் போர்னியோவுக்கு விலைமாதாக விற்கப்பட்டு, முதுமையில் க்யூஷுவின் ஒரு மூலையில் பூனைகளோடு தனியாக வாழும் கிழவி. அதற்காக 1975 பெர்லின் விழாவில் சிறந்த நடிகை விருது. 1948, 1952, 1961, 1974 என்று நடித்தும் இயக்கியும் அவர் திரும்பத் திரும்ப வந்தது விற்கப்பட்ட பெண்ணிடம்தான். ஒரு படைப்பாளிக்கு ஒரு கேள்வி வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் என்று ஆண் இயக்குநர்களைப் பற்றி எழுதுகிறோமே, இது வேறு என்ன? 1977இல் அவர் இறந்தார்.

2021இல் ஆறு படங்களும் புதுப்பிக்கப்பட்டு லியோன் லூமியர் விழாவில் திரையிடப்பட்டன, அடுத்த வருடம் நியூயார்க்கிலும் காட்டினார்கள். இனிமேல் படம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

நம் திரைப்படச் சங்கங்களில் திரையிடலை ஒழுங்கு செய்கிற நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த முறை மிசோகுச்சி வாரம் நடத்தும்போது அவருடைய 1948 படத்தைக் காலையில் போடுங்கள், தனாகாவின் 1961 படத்தை மாலையில் போடுங்கள். அறிவிப்பில் இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சடியுங்கள். வசனவரிகளைத் தமிழில் செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.